பயிற்சியாளர் வீட்டுக்குப் போன பத்தமடைப் பாய்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் நகரத்து பேஸ்பால் அணி தன் முதல் பேஸ்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மனுஷன் இந்த ஊருக்காக நெடுங்காலம் ஆடியவன். வானொலியில் ஒப்பாரியே வைக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் குடிநீர் நிலையத்தில் இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டார்கள். ‘இதைப் போன வருஷமே செய்திருக்க வேண்டும்’ என்று நான் சொன்னதும் அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் தொட்டித் தண்ணீரே கொதித்திருக்கும்.

பேஸ்பால் தெரியாத நம்மூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் எதிரெதிராக இரண்டே முனை. இங்கே ஒரு சதுரத்தின் மூலைகள் மாதிரி நாலு முனை. அடித்தவன் நாலையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். அந்த முனைகளுக்குத்தான் பேஸ் என்று பெயர். ஒவ்வொன்றையும் காக்க ஆள் உண்டு. இவ்வளவு போதும். மிச்சத்தை என் அப்பா கற்றுக்கொண்டதுபோலத் தொலைக்காட்சியைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொள்ளலாம்.

நான் இந்த ஆட்டத்துக்கு ஆளானது பக்தியால் அல்ல, தனிமையால். வந்த புதிதில் கூட வேலை செய்கிறவர்கள் என்னிடம் பேச ஒன்றுமில்லாமல் ‘உங்கள் ஊரில் வெயில் அதிகமோ?’ என்று கேட்பார்கள். அதற்கு ஆமாம் என்றுவிட்டால் பேச்சு முடிந்தது. பம்ப் அறையில் எப்போதும் வானொலி ஓடும், எப்போதும் பேஸ்பால்தான் ஓடும். ஒரு நாள் ‘அந்த இடதுகைப் பந்துவீச்சாளனை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?’ என்று நானாகக் கேட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு நண்பர்கள் உண்டு. இங்கேயே தங்க விடுகிற பச்சை அட்டை வருவதற்கு முன்பே எனக்கு இந்த ஊரில் கருத்து வந்துவிட்டது. ஆரம்பத்தில் ‘ஓவர் முடிந்ததா?’ என்று கிரிக்கெட் பாஷையில் உளறிச் சிரிப்பை வாங்கியதும் உண்டு. கருத்து மட்டும் உளறலாக இருந்ததில்லை என்று நம்புகிறேன்.

என் கொள்கை சுருக்கமானது. அணியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதை அடைக்கிற ஆளை எடுக்க வேண்டும். நல்லவன், பழகினவன், போன வருஷம் ஒரு அடி அடித்து ஊரையே அழ வைத்தவன் என்பதெல்லாம் மரியாதைக்குரிய விஷயங்கள். ஒரு சால்வை போர்த்தலாம். இடம் கொடுக்கக் கூடாது. எங்கள் அணி மேலாளருக்கு இதுதான் புரியவில்லை. முதல் பேஸ்காரனுக்கு முழங்கால் போய்விட்டது, பந்து தரையோடு வந்தால் குனியவே யோசிக்கிறான், மேலாளர் அவனையே ஆடவிட்டுக்கொண்டிருந்தார். சீசனே போயிற்று.

‘உனக்கு இரக்கமே கிடையாது’ என்றார் என்னோடு வேலை செய்யும் ஒரு பெரியவர். போன கோடையில் இந்தக் கொள்கை என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த கதை அவருக்குத் தெரியாது. அதை நம்மூர்க்காரர்களிடம் சொன்னால்தான் புரியும்.

2

போன கோடையில் அப்பா வந்திருந்தார். தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தச்சநல்லூரில் வீடு. அம்மா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் வருஷக்கணக்காகக் கூப்பிட்டு, ஒருவழியாகச் சம்மதித்தார்.

விசா எடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். சென்னையில் தூதரக வாசலில் வரிசையில் நிற்கும்போது, காவலுக்கு நின்றவரின் பேச்சை வைத்து ஊர் விசாரித்திருக்கிறார். அவர் வள்ளியூர்.

“உள்ள நமக்கு வேண்டியவங்க யாரும் இருக்காங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பேப்பர் சரியா இருந்தாக் குடுத்துருவான். பயப்படாமப் போங்க.”

விசா கிடைத்தது. நான் அனுப்பிய காகிதங்களுக்காகக் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். வள்ளியூர்க்காரர் உள்ளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று அப்பா இன்றுவரை நம்புகிறார். அந்த ஆள் நல்லா இருக்க வேண்டும் என்று நெல்லையப்பருக்கு ஒரு அர்ச்சனை வேறு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

சொல்லி வைப்பது என்று நாம் சொல்லுகிறோமே, அதற்கு இந்த நாட்டில் வார்த்தை கிடையாது. சிபாரிசு என்றால் பெரிய இடத்துச் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது, இது அது இல்லை. பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமா, சொல்லி வைக்க வேண்டும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் அங்கே யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டாலும் அதே மருந்துதான், அதே ஊசிதான். ஆனாலும் சொல்லி வைத்தால்தான் வெளியே நிற்கிறவனுக்கு ராத்திரித் தூக்கம் வரும். ரயிலில் படுக்கைக்குச் சொல்லி வைப்போம். ஆனித் தேர் பார்க்க ரத வீதியில் ஒரு மாடிக்குச் சொல்லி வைப்போம். கல்யாணத்துக்கு வாழையிலைக்குச் சொல்லி வைப்போம்.

இதில் அப்பா கெட்டிக்காரர். தச்சநல்லூரில் பாதிப் பேருக்கு அவர்தான் போய்ச் சொல்லுகிறவர். காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாராவது ‘அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லணும்’ என்று நிற்பார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தனக்கென்று ஒரு பைசா, ஒரு காரியம் வாங்கிக்கொண்டதில்லை. காரியம் முடிந்தவர்கள் தெருவில் பார்த்துக் கும்பிட்டால் போதும், அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்.

3

எனக்காகவும் ஒரு முறை போயிருக்கிறார்.

பள்ளிக்கூட நாட்களில் நான் சுழல்பந்து போடுவேன். மாவட்ட அணிக்குப் பாளையங்கோட்டை மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். முதல் நாள் பார்த்தார்கள், மறுநாள் பெயர் வாசிப்பதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டவுணில் தேர்வாளர் ஒருவர் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஊர்க் கதை, மழைக் கதை, ஆற்றில் வந்த வெள்ளத்தின் கதை எல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, ‘பையன் நாளைக்கு வருவான், கொஞ்சம் பாத்துக்கிடுங்க’ என்றார். அவர் ‘பாப்போம் பாப்போம்’ என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் என் பெயரை வாசித்தார்கள். பாளையங்கோட்டையில் படிக்கும் ஏரல் பையன் ஒருவன் வந்திருந்தான், என்னைப்போலவே சுழல்பந்துக்காரன். அவன் பெயரை வாசிக்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

அந்த அணிக்கு ஆடினேன். மோசம் என்று யாரும் சொல்லவில்லை, பிரமாதம் என்றும் யாரும் சொல்லவில்லை. அதோடு என் கிரிக்கெட் முடிந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் முடியவில்லை. என்னை எடுத்தது என் பந்துக்கா, அப்பாவின் வார்த்தைக்கா? அந்த ஏரல் பையன் என்னைவிட நன்றாகப் போட்டானா? நாற்பது தாண்டியும், கடல் தாண்டியும் இது என்னை விடவில்லை. ஊரான் அணியில் யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று நான் தொண்டை கிழியப் பேசுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று என் மனைவி கோமதி சொல்வாள். அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் ஒருபோதும் நான் அதைக் கேட்டதில்லை. அவர் எனக்கு நல்லது செய்தார். நல்லது செய்தவரிடம் போய் எப்படிக் கேட்பது?

4

என் மகள் வடிவு பேஸ்பால் ஆடுகிறாள். போன வருஷம் பன்னிரண்டு வயது. எங்கள் பேட்டையின் பிள்ளைகள் அணியில் அவள் ஒருத்திதான் பெண். இரண்டாம் பேஸ் காப்பாள். தமிழை எங்களிடம் பேசுவாள். கோபம் வந்தால், அழுகை வந்தால், ஆட்டத்தைப் பற்றி என்றால் ஆங்கிலம்தான். அவள் ஆங்கிலத்தில் சொன்னவற்றையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

தகப்பன் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு ரசிகனாகச் சொல்கிறேன். தரையோடு வரும் பந்தை எடுப்பதில் வடிவுக்கு நிகர் அந்த அணியில் இல்லை. மட்டை பிடித்தால் அவசரப்பட மாட்டாள். கெட்ட பந்தைத் தொடாமல் நிற்பாள். நாலு கெட்ட பந்து வந்தால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம் என்பது இங்கே விதி; பாதி நாள் அப்படித்தான் போவாள். குறை என்னவென்றால் தோளில் பலம் போதாது. பக்கத்திலிருந்து எறிந்தால் அம்பு மாதிரி போகும். தூரத்திலிருந்து எறிந்தால் பந்து நடுவழியில் களைத்துவிடும்.

அப்பாவுக்கு முதலில் இந்த ஆட்டம் பிடிக்கவே இல்லை. தொலைக்காட்சியில் மேலாளர் மைதானத்துக்குள் நடந்து போய்ப் பந்துவீச்சாளன் கையிலிருந்து பந்தை வாங்கி அவனை வெளியே அனுப்புவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுந்துவிட்டார்.

“என்னலே இது, நாலு பேரு பாக்கக் கையில இருந்து பந்தைப் பிடுங்குதான்!”

“அவன் கை ஓஞ்சிட்டுப்பா. இனி போட்டா அடிச்சிருவாங்க.”

“ஓஞ்சா என்ன? பையக் கூப்பிட்டு உள்ள வச்சுச் சொல்லப்பிடாதா? அவன் பொண்டாட்டி பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்கும்லா.”

ஆனால் வடிவு ஆடுவதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு ஆள் மாறிவிட்டார். வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக மைதானத்துக் கம்பி வலையோரம் வந்து நின்றுவிடுவார். பேத்தி அடிக்காமல் நடந்து முதல் பேஸுக்குப் போனால் ‘அப்படிப் போடுட்டி!’ என்பார். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு அவர்களும் கை தட்டுவார்கள்.

ஜூன் மாதம் பள்ளிகள் மூடியதும் கோடைப் போட்டி வரும். பேட்டை அணிகளிலிருந்து பொறுக்கி ஒரே அணியாக வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். ஆள் பொறுக்குகிறவர் அடுத்த தெருவில் இருக்கும் வால்ட் என்ற பயிற்சியாளர். பகலில் தபால் கொடுக்கிறவர், சாயங்காலம் சம்பளம் இல்லாமல் பிள்ளைகளை மேய்க்கிறவர். வடிவு அந்த வருஷம் வேறு எதையும் கேட்கவில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கோமதி கேட்டபோது, ‘அணியில் இடம் கிடைத்தால் போதும், கேக் வேண்டாம்’ என்றாள். சாப்பிடும்போது கையுறையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லா இடமும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. கடைசி இடத்துக்கு வடிவும் ப்ரையன் என்ற பையனும் நின்றார்கள். இதை நான் இரவுச் சாப்பாட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் வினை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடைக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் அப்பா இல்லை. கொஞ்ச நேரத்தில் மலர்ந்த முகத்தோடு தெருவில் நடந்து வந்தார். காலாற நடந்தேன் என்றார். சாயங்காலம் தொலைபேசி அடித்தது. வடிவு எடுத்து, ‘அப்பா, உங்களுக்கு. வால்ட்’ என்று கண் விரியக் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

வால்ட் ரொம்பவும் மரியாதையாகப் பேசினார். “உங்கள் அப்பா வந்திருந்தார். அருமையான மனிதர். ஒரு பாய் கொடுத்தார். பட்டு மாதிரி இருக்கிறது, இவ்வளவு அழகான பாயை நான் பார்த்ததில்லை. பிறகு உங்கள் மகளைப் பற்றி ஏதோ சொன்னார். தயவுசெய்து ஆவன செய்யவும் என்றார் என்று நினைக்கிறேன். இந்தப் பாயை நான் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.”

“பாயா?” என்றேன் நான். உடனே புரிந்துவிட்டது. ஊரிலிருந்து வரும்போது, ‘யாருக்காவது ஆகும், இருக்கட்டும்’ என்று அப்பா ஒரு பத்தமடைப் பாயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பாய். தாலுகா ஆபீஸ் மனுக்களில் பழகிய ஆங்கிலம் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது.

நான் போனை வைப்பதற்குள் வடிவுக்கும் புரிந்துவிட்டது. ஏத்தம்பழத்துக் கதையை நான்தான் அவளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தேன்.

“இனி என்னை எடுத்தால் பாய்க்காக எடுத்தார்கள் என்று ஆகும். எடுக்காவிட்டால் பாயினால் எடுக்கவில்லை என்று ஆகும். நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எனக்கு இனிமேல் தெரியவே தெரியாது!” என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

நான் கூடத்தில் நின்றேன். ஒரு பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லத் தெரியாமல் இத்தனை காலம் உள்ளே வைத்திருந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

5

அப்பாவுக்கு நான் தமிழில் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை.

“நான் என்னலே தப்பாச் சொல்லிட்டேன்? பிள்ளை நல்லா ஆடுதா, கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னுதான சொன்னேன். ஒருத்தர் வீட்டுக்குப் போனா வெறுங்கையாப் போக முடியுமா?”

“இங்க அப்படிப் போனாத் தப்பா எடுத்துக்கிடுவாங்கப்பா. வடிவு அழுகா.”

அவள் அழுகிறாள் என்றதும் முகம் விழுந்துவிட்டது. மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். ‘ஏட்டி வடிவு’ என்றார். கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, துண்டால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் செய்த உபகாரத்துக்கு ஒருவர் கதவைச் சாத்தியது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சட்டையை மாட்டினார்.

“வா, அந்த வால்ட்டு வீட்டுக்குப் போவோம்.”

“எதுக்குப்பா?”

“சொன்னதைச் சொல்லலைன்னு சொல்லிட்டு வருவோம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுவை வாபஸ் வாங்குகிற மாதிரி, சொன்ன வார்த்தையை இன்னொரு வார்த்தை சொல்லித் திருப்பி வாங்கப் புறப்படுகிறார். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இரண்டு பேரும் நடந்து போனோம். வால்ட் புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

“நான் காலைல சொன்னதை மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு சொல்லு. நான் வரவே இல்லைன்னு நெனச்சுக்கிடச் சொல்லு. பிள்ளை நல்லா ஆடுனா எடுக்கட்டும், இல்லாட்டி வேண்டாம். பாய் இருக்கட்டும், வார்த்தைய மட்டும் திருப்பி வாங்கிக்கிடுதேன்.”

வால்ட் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்று கேட்டார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

“நான் இன்னும் முடிவு செய்யவில்லை,” என்றார். “கடைசி இடத்துக்கு வடிவும் ப்ரையனும்தான். வருகிற சனிக்கிழமை காலை இரண்டு பேரையும் மைதானத்தில் ஆடவிட்டுப் பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அங்கேயே சொல்லிவிடுகிறேன். பாயை அதுவரை நீங்கள் வைத்திருங்கள், பட்டியல் வந்தபின் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.” கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து கொடுத்தார்; சொன்னபடி பிறகு வந்து வாங்கிப் போகவும் செய்தார்.

வீட்டுக்கு வந்து நான் இதைச் சொன்னதும் வடிவு கதவைத் திறந்தாள். தாத்தாவோடு பேசவில்லை. ஆனால் அன்று இருட்டுவதற்குள்ளேயே என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பந்து எறியச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. அப்பா ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வரமாட்டார்.

6

சனிக்கிழமை காலை நல்ல வெயில். கம்பி வலையோரம் நானும் அப்பாவும் நின்றோம். ப்ரையனின் அம்மா ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எங்களைப்போலவே தவிப்பு; கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வால்ட் மட்டையால் பந்தைத் தரையோடு அடிக்க, இருவரும் மாறி மாறி எடுத்து எறிந்தார்கள். இரண்டாம் பேஸில் வடிவு எதையும் விடவில்லை. ப்ரையன் ஒன்றை விட்டான், ஒன்றில் தடுமாறினான். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு வால்ட் இருவரையும் மூன்றாம் பேஸுக்கு மாற்றினார். மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்குச் சதுரத்தின் குறுக்கே முழுதும் எறிய வேண்டும். ப்ரையன் எறிந்தால் கையுறையில் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. வடிவின் பந்து ஒரு தரம் குதித்துப் போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் குதித்தது. அவள் தோளைச் சுழற்றிவிட்டு மறுபடி மறுபடி எறிந்தாள்.

வால்ட் காபிக் கோப்பையோடு வலைக்கு அந்தப் பக்கம் எங்கள் அருகே வந்து நின்றார். பிள்ளைகள் மட்டை பிடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “நீங்கள்தான் ஊரில் எல்லா அணிக்கும் ஆள் பொறுக்குகிறவராயிற்றே. இரண்டாம் பேஸுக்கு ஏற்கெனவே எனக்கு ஆள் இருக்கிறது. மூன்றாம் பேஸில்தான் ஓட்டை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?”

அவர் அதைச் சோதனையாகக் கேட்கவில்லை, ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனைக் கேட்கிற மாதிரி கேட்டார். அதுதான் கொடுமை. அணியில் எங்கே ஓட்டையோ அதை அடைக்கிற ஆளை எடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். பதில் எனக்குத் தெரியும். அதே சமயம் இன்னொரு பதிலும் வாய் நுனியில் நின்றது. ‘தோள் வருஷத்துக்கு வருஷம் பலப்படும், பந்தெடுக்கும் கை பிறவியிலேயே வர வேண்டும்’ என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஏத்தம்பழமும் வேண்டாம், பாயும் வேண்டாம். கொஞ்சம் நியாயமாகவே சொல்லி வைக்கலாம். அந்த நேரத்தில் என் மகளுக்காக அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது.

“அவள் என் மகள்,” என்றேன். “எனக்கு இதில் கருத்து இல்லை.”

வால்ட் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அப்பா இரண்டு கையாலும் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னலே கேக்காரு?”

“யாரை எடுக்கலாம்னு கேட்டாருப்பா.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலை.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுபடியும் வலையைப் பிடித்துக்கொண்டார். வாயை இறுக்கி மூடியிருந்தார், அதைத் திறந்தால் வார்த்தை தானாக வந்து விழுந்துவிடும் என்கிற மாதிரி.

முடிந்ததும் வால்ட் வடிவு முன்னால் ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து பேசினார். தூரத்திலிருந்தே எங்களுக்குப் புரிந்துவிட்டது. வடிவு தலையை ஆட்டினாள். ப்ரையனிடம் போய்க் கை கொடுத்தாள். பிறகு எங்களை நோக்கி வந்தாள். பாதித் தூரம் வரை முகத்தை நேராக வைத்திருந்தாள், அதற்கு மேல் முடியவில்லை. நான் கையை நீட்டினேன். அவள் என்னிடம் வரவில்லை. நேரே போய்த் தாத்தாவின் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

“மூன்றாம் பேஸிலிருந்து என் பந்து போகவில்லை,” என்றாள் அழுகைக்கு நடுவில். “நானே பார்த்தேன். போகவில்லை.” பிறகு தலையைத் தூக்கித் தமிழில் கேட்டாள். “தாத்தா, நீங்க ஒண்ணும் சொல்லலைல்லா?”

“இல்லட்டி. வாயே தொறக்கல.”

அவள் அந்தச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ப்ரையன் தூரத்திலிருந்து பந்தைக் காட்டிக் கூப்பிட்டான். ‘அவன் எப்படி எறிகிறான் என்று கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று எறிய ஆரம்பித்தார்கள்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். கம்பி வலையின் தடம் அப்பாவின் விரல்களில் சிவப்பாகப் பதிந்திருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

“அப்பா, அன்னைக்கு டவுண்ல அந்தத் தேர்வாளர் வீட்டுக்குப் போனோம்லா. நீங்க சொல்லலைன்னாலும் என்னை எடுத்திருப்பாங்களா?”

‘எடுத்திருப்பாங்கலே’ என்று அவர் சொல்லுவார் என்று நான் நம்பினேன். பொய்யாகச் சொன்னாலும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

“யாருக்குலே தெரியும்? நான்தான் சொல்லாம இருந்து பாக்கலையே,” என்றார். “உன்னைய எடுக்கலைன்னா நீ வீட்டுக்கு வந்து நிப்ப. அந்த முகத்தப் பாக்க எனக்குத் தெம்பு இல்லலே. அதுக்காகத்தான் போனேன்.”

வடிவு எறிந்த பந்து ஒன்று ப்ரையன் தலைக்கு மேலே போயிற்று. இருவரும் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார். சம்மதம் கேட்கிற குரலில், சின்னப் பிள்ளை மாதிரி, என்னிடம் கேட்டார்:

“இவ முகத்தப் பாத்தாச்சு. ஒண்ணும் ஆகலைல்லா?”

“ஒண்ணும் ஆகலைப்பா,” என்றேன்.